மூன்று மில்லிமீட்டர்

கல்லை மேசைமேல் வைத்தவன் நீமி.
வைத்த இடத்திலிருந்து அதை ஒரு விரற்கடை
தன் பக்கம் நகர்த்தியவள் லைலா.
அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

உருளைக்கிழங்கு அளவு. துருப்பிடித்த தோல்,
மேலெல்லாம் அம்மைத் தழும்பு.
டூ ஹார்பர்ஸில் என் பட்டறைக்கு
வாரம் பத்துப் பேராவது எதையாவது கொண்டுவருவார்கள்:
செங்கல் துண்டு, உலைக்கசடு,
ஏரி தேய்த்துத் தேய்த்து மழுக்கிய பீர் பாட்டில்,
ஒருமுறை யாரோ ஒருவரின் கடைவாய்ப் பல்.
அதனால் நான் அவசரப்படுவதில்லை.

எச்சில் தொட்டுத் தேய்த்தேன்.
பக்கத்திலேயே வாளித் தண்ணீர் இருக்கிறது, பழக்கம் விடவில்லை.
ஈரம் பட்டதும் உள்ளிருந்து வரிகள் எழுந்தன,
சிவப்பு, வெளுப்பு, மறுபடி சிவப்பு.
கத்திமுனையை அழுத்தி இழுத்தேன்.
கல்லில் கீறல் இல்லை. கத்தியின் இரும்புதான்
சாம்பல் கோடாய் அதில் ஒட்டிக்கொண்டது.
உடைந்த மூலையில் சிப்பியின் உட்புறம் போல வளைந்த வழவழப்பு.
விளக்குக்கு நேரே பிடித்தேன்.
மெலிந்த ஓரத்தில் வெளிச்சம் தேனாகத் தேங்கிற்று.
ஜாஸ்பர் என்றால் வெளிச்சத்தை வாசலோடு அனுப்பிவிடும்.
சாயம் ஏற்றியது என்றால் விரிசல்களில் நிறம் கட்டிநிற்கும்.
"அகேட்தான்" என்றேன்.

"தெரியும்" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.
அன்று அவர்கள் ஒத்துப்போனது அது ஒன்றில்தான்.

அவள் சொன்னாள்: மாலை வெயில் தாழ்ந்திருந்தது,
சூரியனைப் பார்த்து நடந்தேன், கூழாங்கற்களுக்கு நடுவே
இது மட்டும் எரிந்தது.
அவன் சொன்னான்: எரிந்ததை நீ பார்த்தாய்,
முழங்கால் வரை பனித்தண்ணீரில் இறங்கியது யார்?
கல்யாணமான பதினோராம் வருஷம்.
படகு அவனுக்கு, நாய் அவளுக்கு, வீட்டை விற்றாயிற்று.
கல்லுக்கு நேரே வக்கீல் ஒரே சொல் எழுதியிருந்தார்:
சரிபாதி.

தொட்டியில் எண்ணெய் ஊற்றும்போது லைலா கேட்டாள்,
ஒரு வரிக்கு எத்தனை வருஷம்?
அப்படிக் கணக்கில்லை என்றேன்.
எரிமலைக் குழம்பு இறுகும்போது காற்று விட்டுப்போன பொந்து இது.
நீர் கசிந்து வந்தது, கரைந்த சிலிக்காவும் கூட வந்தது,
சுவரில் படிந்தது, நின்றது, மறுபடி படிந்தது.
எவ்வளவு காலம் நின்றது என்று யாருக்கும் தெரியாது.
மரத்தில் பட்டையை ஒட்டியதுதான் இளைய வளையம்.
இதில் தலைகீழ்.
கைக்கு முதலில் தட்டுப்படுவது மிகப் பழையது,
நடுவில் இருப்பதே கடைசியாக நடந்தது.

நீமி ஜன்னல் வழியே
துறைக்குத் திரும்பும் தாதுக் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வைர வாள் நாற்பது நிமிஷம் முனகியது.
யாரும் பேசவில்லை. நான்தான் இரண்டு முறை
பருவநிலை பற்றிச் சொன்னேன்.

திறந்தேன். கழுவினேன். துடைத்தேன்.
இரண்டு முகங்கள், கோட்டை மதில்கள் போல மடங்கி மடங்கி.
லைலாவின் பாதியில் மையத்துக்குச் சற்றுக் கீழே
கடுகளவு வெள்ளைக் கண்.
நீமியின் பாதியில் அந்த இடத்தில் வெறும் சிவப்பு.
ஒட்டவைத்துப் பார்த்தான். வரிகள் சேரவில்லை,
ஒவ்வொன்றும் மயிரிழை தள்ளி நின்றது.
"சரியாக வெட்டவில்லை" என்றான்.
சரியாகத்தான் வெட்டினேன்.
வாளுக்கும் தடிமன் உண்டு. மூன்று மில்லிமீட்டர்.
கண்ணின் மறுபாதி அதில் போயிற்று.

அவள் தன் பாதியை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.
கூலியில் ஆளுக்குப் பாதி கொடுத்தார்கள்,
சில்லறை உட்பட.

வியாழக்கிழமை போன் வந்தது.
யார் என்று சொல்ல மாட்டேன்.
"அந்த மூன்று மில்லிமீட்டர் எங்கே போகும்?"
எண்ணெய்க்கு அடியில் சேறாகப் படியும் என்றேன்,
மற்றவர்களின் கற்களோடு.
"எடுக்க முடியுமா?"
கொட்டிவிட்டேன் என்றேன்.

அப்போது இன்னும் கொட்டியிருக்கவில்லை.